சோஹாருக்கு மூன்று ரியால்

ரூவியில், எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியே வந்து
மிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பத்து, பதினொண்ணு, பதினொண்ணரை.
பதினேழு வருடமாக இங்கே
அரபியில் சலாம் சொல்கிறேன்,
இந்தியில் சண்டை போடுகிறேன்,
மலையாளத்தில் டீ கேட்கிறேன்.
பணத்தை மட்டும் தமிழில்தான் எண்ண வருகிறது.

அதைக் கேட்டுவிட்டான்.

"அண்ணே, தமிழா?"

வெயில் இறங்கியும் தார் சூடு இறங்காத நேரம்.
இஸ்திரி போட்ட சட்டை. கையில் பிளாஸ்டிக் உறை.
உள்ளே பாஸ்போர்ட் நகல்,
அதில் முகம் இருக்குமிடத்தில் ஒரு மைக்கறை.
சட்டை கசங்காமல் இருந்ததுதான்
என்னைச் சந்தேகப்பட வைத்தது.
கசங்கியிருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பேன்.

"நஹி" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.
அவன் தயங்கவில்லை. இந்திக்கு மாறினான்.
இப்ரியில் கம்பெனி மூடிவிட்டது,
சோஹாரில் மச்சான் இருக்கிறான்,
பஸ்ஸுக்கு மூன்று ரியால்.
'நஹி'க்கு மேல் எனக்கு இந்தி கிடையாது
என்பதுபோல் நின்றேன்.
மலையாளத்தில் ஆரம்பித்தான்.
இதற்காவது தலையசைக்க வேண்டியிருந்தது;
எந்த ஊரும் இல்லாத ஒருத்தன்
ரூவியில் நிற்க முடியாது.
அதே இப்ரி, அதே மச்சான்.
மலையாளத்தில் மட்டும் இரண்டரை ரியால்.

கேட்கும்போது அவன் கழுத்து
லேசாக இடப்பக்கம் சாய்ந்தது.
அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.
லீவு சம்பளம் கேட்டு மூன்று மாதமாக
அக்கவுண்ட்ஸ் வாசலில் நிற்கும்போது
கண்ணாடிக் கதவில் பார்த்திருக்கிறேன்.
பார்த்திருந்து என்ன,
அவனுக்கு அதில் ஒரு பைசாவும் கிடைக்கவில்லை.
கையை விரித்துவிட்டு நடந்தேன்.

ரூமில் இதைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது.
கேட்டவனை உள்ளே போடுவான்,
கொடுத்தவனையும் நிறுத்தி
ரெண்டு கேள்வி கேட்பான் என்பது பிலவேந்திரன்.
பொய் சொன்னால் அது அவன் கணக்கு,
கொடுக்காதது உன் கணக்கு என்பது அபுதாகிர்.
இரண்டு பேருக்கும் நான் தலா இருபது ரியால் பாக்கி.

சிக்னலில் போன் அடித்தது. தேன்மொழி.
"போட்டாச்சு. மெசேஜ் வரலையா? வந்துடும்.
உங்க அண்ணனுக்கு இந்த மாசம் முடியாதுன்னு சொல்லு.
கடனாத்தான் கேக்குறாரு, தெரியும்.
போன தடவையும் கடனாத்தான் கேட்டாரு."
லாரிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்,
எங்கள் ஊர் இழுவை கொஞ்சமும் குறையாமல்.

திரும்பினால், பின்னால் நிற்கிறான்.

பச்சை விழுந்தது.
எல்லோரும் கடந்தார்கள், நாங்கள் இரண்டு பேரைத் தவிர.
அவன் ஏதாவது திட்டியிருக்கலாம்.
திட்டியிருந்தால்
திட்டு வாங்கியதோடு போயிருப்பேன்.
பையில் கைவிட்டு மூன்று ரியாலை எடுத்து நீட்டினேன்,
அபராதம் கட்டுகிறவன் அவசரத்தில்.

வாங்கினான். மடித்து உறைக்குள் வைத்தான்.
பிறகு சட்டைப்பையைத் தடவி
ஓர் அரை ரியால் நோட்டை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தான்.
"மலையாளிங்களுக்கு ரெண்டரைதாண்ணே."

சிரிக்கவில்லை. அடுத்த பச்சையில் கடந்து போய்விட்டான்.

சோஹார் போய்ச் சேர்ந்திருப்பான் என்று
மூன்று வாரம் நம்பினேன்.
நாலாவது வெள்ளிக்கிழமை
மணிக்கூண்டுப் பக்கம் யாரோ ஒரு வங்காளியிடம்
வங்காளத்தில் பேசிக்கொண்டிருந்தான்.
எனக்கு அந்த மொழி தெரியாது.
நடுவில் சோஹார் மட்டும் புரிந்தது.
அதே சட்டை, அதே இஸ்திரி.
தினமும் எந்த ரூமில், யார் பெட்டியில் தேய்க்கிறானோ.

நான் எதிர்ச்சாரிக்கு மாறிக்கொண்டேன்.
கொடுக்க நேர்ந்துவிடும் என்றா,
மறுபடி 'நஹி' சொல்லிவிடுவேன் என்றா, தெரியவில்லை.

இப்போதெல்லாம் பணத்தை
கவுண்டரிலேயே எண்ணி வைத்துக்கொள்கிறேன்,
உதடு அசையாமல்.
ஒன்பதுக்கு அப்புறம் எப்படியும்
ஒரு முறை தப்பிவிடுகிறது.
முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.